ஆகாயத்தில் ரிட்டன் லோடு

வியாழன் கிரகத்தைத் தாண்டிச் சரக்கு ஓட்டிய ஒரே ஆள் தர்மபுரிப் பக்கத்து இண்டூர்க்காரன் நான்தான். அங்கே என் பெயரில் வரிசையாகக் கப்பல்கள் ஓடின. நான் வருகிறேன் என்று தெரிந்தாலே நிலையத்தில் விளக்கையெல்லாம் போட்டு வைத்துவிடுவார்கள்.

பொய். கப்பல் ஒன்றுதான். அதுவும் அங்கே இங்கே இடித்து ஒரு பக்கம் சப்பையாகிப் போன கப்பல். வியாழன் பக்கம் நான் போனதே இல்லை. நான் ஓட்டியது கம்ப்யூட்டர் விளையாட்டில். அதில் வியாழனே கிடையாதாம், வேறு ஏதோ சூரியனாம். விளக்குப் போட்டார்கள் என்பது மட்டும் உண்மை. ஆனால் அது சிவப்பு விளக்கு. நான் இறங்கப் போகிறேன், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தை நான் பார்க்காதவன் இல்லை. சத்துணவு அரிசி மூட்டை இறக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். மற்றபடி எழுத்துக்கும் எனக்கும் பெரிய பழக்கம் இல்லை. இதைக்கூட நான் போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. என் பேச்சைத் துவைத்து, இஸ்திரி போட்டு, புள்ளி வைப்பது என் மச்சினன், அதாவது என் பெண்டாட்டியின் தம்பி. புள்ளி தப்பாக இருந்தால் அவனைத் திட்டுங்கள். கதை தப்பாக இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

என் நிஜத் தொழில் குட்டியானை ஓட்டுவது. காட்டில் இருக்கிறது இல்லை, நாலு சக்கரத்தில் ஓடுகிற சின்ன சரக்கு வண்டி. வத்தல்மலைக்கு மேலே போய் சாமை, காபிக்கொட்டை, பலாப்பழம் என்று எது இருக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு கீழே வருவேன். அதற்கு முன்னால் நான் தொடாத தொழில் கிடையாது. தக்காளி நல்ல விலை விற்ற வருஷம் என்னைச் சுற்றி எல்லாரும் தக்காளி நட்டார்கள், நானும் நட்டேன். பறிக்கிற நேரத்தில் விலை பறிகூலிக்கே வரவில்லை. ரோட்டோரம் கொட்டினேன். மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது, அதுவும் அந்த வாரம் முழுக்கத் தக்காளிதான் தின்றிருந்தது. பிறகு கறிக்கோழி வளர்த்தேன். வெயில் தாங்காமல் கோழிகள் செத்தன. பிறகு டீக்கடை வைத்தேன். என்னுடைய சிநேகிதர்கள் மட்டும் வந்து நன்றாக டீ குடித்தார்கள்.

அப்புறம்தான் குட்டியானை. அது மட்டும்தான் என்னிடம் நாலைந்து வருஷம் நிலைத்தது. அதையும் விற்கச் சொல்லி போன ஆடி மாதம் என் பெண்டாட்டி ஆரம்பித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆடியில் கல்யாணம் இல்லை, வீடு மாற்றுகிறவர் இல்லை, மலை மேலே அறுப்பு இல்லை. வேப்ப மரத்தடியில் வண்டி நின்றது நின்றபடி இருந்ததில், கோழி அதற்குள் ஏறி முட்டை வைக்க ஆரம்பித்துவிட்டது.

“ஏங்க, பென்னாகரத்துல தண்ணி கேன் போடறாரே, அவரு திருப்பியும் போன் பண்ணாரு. ஆடி கடைசில வராராம். வண்டிய குடுக்கறமா இல்லையான்னு அன்னிக்கே சொல்லிடணுமாம்.”

“குடுக்கலன்னு இப்பவே சொல்லிடு. பாவம், அலைய வேணாம்.”

“குடுக்காம? அதுல கோழி வளக்கப் போறீங்களா? கோழி வளத்த லச்சணத்த பாத்துட்டேன்.”

“வண்டி போச்சுன்னா நான் என்னா பண்றது?”

“எங்கப்பா கூப்புடறாரு இல்ல? சூப்பர்வைசர் வேல. நெழல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கினு, கல்லு எத்தன போவுதுன்னு பாத்தா போதும்.”

என் மாமனாருக்கு தர்மபுரிக்கு வெளியே, மலைக்குப் போகிற ரோட்டில், ஹாலோ பிளாக் கல் போடுகிற இடம் இருக்கிறது. நிழலும் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் மாமனார் இருக்கிறார். ஒரே ஒரு சிமெண்ட் மூட்டையோடு தான் தொழில் ஆரம்பித்த கதையை அவர் தினமும் சொல்வார். நடுவில் எழுந்து போக முடியாது. மூட்டையைப் பிரிக்கும் கட்டம் வரும்போது அவருக்குக் கண் கலங்கும், நமக்கும் கலங்க வேண்டும். எந்நேரமும் கலங்கத் தயாராக இருக்கிற கண் எனக்கு இல்லை. அதனால் வண்டி போனால் என் கதை முடிந்தது. இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துபோய் இருந்தேன்.

அந்தப் பயத்தோடுதான் மாடிக்குப் போனேன். மாடி அறையில் மச்சினன் குடியிருக்கிறான். பெங்களூர்க் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அவர்கள் ஊர் பென்னாகரம் தாண்டிக் காட்டோரம். அங்கே சிக்னல் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். மடிக்கணினியோடு பாறை மேல் உட்கார்ந்து எத்தனை நாள்தான் வேலை பார்ப்பான்? அதனால் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான். நான் போனபோது பெரிய திரையில் ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல் என்றால் தண்ணீரில் போவது இல்லை. சுற்றிலும் இருட்டு, நட்சத்திரம். கப்பலின் பின்கதவு திறந்து, பெட்டி பெட்டியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு வேறு எதுவும் புரியவில்லை. பின்கதவு மட்டும் புரிந்தது.

“மாப்ள, லோடு ஏத்தறியா?”

“ஆமா மாமா. இது ஆகாயத்துல நடக்கற வெளையாட்டு. ஊர் உலகத்துல இருக்கறவன் எல்லாம் ஒரே நேரத்துல வந்து ஆடுவான். இதுல கப்பல் குடுத்துடுவாங்க, எந்தத் தொழில் வேணும்னாலும் பண்ணிக்கலாம். சரக்கு ஓட்டலாம், கல்லு ஒடைக்கலாம், ஆள ஏத்தலாம், திருடன புடிச்சுக் குடுக்கலாம். திருடக்கூட செய்யலாம்.”

“கப்பல சும்மா குடுக்கறானா?”

“சின்னது ஒண்ணு சும்மா குடுப்பான்.”

“ஜாமீனு?”

“யாரும் வேணாம் மாமா.”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டியை இலவசமாகக் கொடுத்து, என்ன தொழில் செய்ய ஆசை என்று மரியாதையாகக் கேட்கிற இடம் ஒன்று ஆகாயத்தில் இருந்திருக்கிறது. நான் இத்தனை வருஷம் பூமியில் அலைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தாள் என் பெண்டாட்டி. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“பாத்தியா, இங்க எந்தத் தொழில் லாபம்னு கண்டுபுடிச்சு செய்யணுமாம். எங்கிட்ட வுட்டா ஒரே வாரத்துல இந்த ஆகாயத்தையே வெலைக்கு வாங்கிருவேன்.”

டீயை வைத்துவிட்டு அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சரி, ஆடுங்க. ஆடி முடியறதுக்குள்ள அதுல ஒரே ஒரு தொழில்ல லாபம் காட்டுங்க. நான் வண்டிய விக்க மாட்டேன். காட்டலன்னா பேசாம எங்கப்பாகிட்ட போவணும். சரியா?”

“அக்கா, இது வெறும் வெளையாட்டு” என்றான் மச்சினன்.

“உங்க மாமன் நெசத்துலயும் வெளையாடிக்கினு தான்டா இருக்காரு. எங்க வெளையாடுனா என்ன?”

சொன்ன சொல்லிலிருந்து அவள் நகர மாட்டாள். அது எனக்குத் தெரியும். டீயை ஆறவிட்டுத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

எந்தத் தொழிலில் லாபம் என்று மச்சினன் முதலில் வீடியோக்களைப் போட்டுக் காட்டினான். ஒவ்வொன்றிலும் ஒருத்தன் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தான். மச்சினன் எனக்குத் தமிழில் சொன்னான். கல் உடைப்பதுதான் லாபம் என்று ஒருத்தன். கல் உடைக்கிறவன் முட்டாள், ஆள் ஏற்றுவதுதான் லாபம் என்று இன்னொருத்தன். ஒரு வீடியோவில் ஒரு சரக்கை நல்ல விலைக்கு எடுக்கிற ஊரைச் சொன்னார்கள். ஓடினோம். எங்களுக்கு முன்னால் அதே வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள், விலை தரையில் கிடந்தது. எனக்கு எங்கள் ஊர் ரோட்டோரம் ஞாபகம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் அதே தக்காளி. ஊர்ப் பழக்கம் விடவில்லை.

சரி, கல் உடைப்போம் என்றேன். ஆகாயத்தில் பாறைகள் மிதக்கின்றன. கப்பலிலிருந்து ஒரு ஒளியைப் பாய்ச்சினால் பாறை உடையும், உள்ளே விலை போகிற உலோகம் இருந்தால் அள்ளிக்கொள்ளலாம். இல்லாத பாறையும் இருக்கும். எதில் இருக்கிறது என்று பார்க்கத் தனிக் கருவி வாங்க வேண்டுமாம், அதற்கு எங்கள் கப்பலையே விற்க வேண்டுமாம்.

எங்கள் பக்கம் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடுவோம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் நிமிர்ந்து நிற்கும். நான் கீழே போய் சமையற்கட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து வந்தேன். குடுமி இருக்கிற தேங்காய். மொட்டைத் தேங்காய்க்கு நிற்காது. உள்ளங்கையில் வைத்துத் திரைக்கு முன்னால் மெதுவாக நகர்த்தினேன்.

“மாமா, என்னா பண்றீங்க?”

“பேசாத. இந்தப் பாறையில லேசா ஆடுது.”

“உங்க கை நடுங்குது மாமா.”

“இங்க பாரு, நிக்குது! நின்னுருச்சு! போடு!”

போட்டான். பாறை உடைந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நான் விடவில்லை. எங்கள் ஊரில் யாரும் போரைப் பாதியில் நிறுத்தியதில்லை. இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம் போட்டால் தண்ணீர் வந்துவிடும் என்று நிலத்தை விற்றுப் போடுவார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்தப் பாறையைப் பொடியாக்கினோம். எரிபொருள் தீர்ந்தது. கடைசியில் தேங்காயை நான் கை தவறித் கீபோர்டு மேல் போட்டதில் கப்பல் தானாகப் போய்ப் பக்கத்துப் பாறையில் மோதியது. ஒரு பக்கம் சப்பையானது அப்போதுதான்.

சாயங்காலம் சட்னி அரைக்கத் தேங்காயைக் காணோம் என்று மாடிக்கு வந்தவள், அதை என் கையில் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போனாள். படியிறங்கும்போது சிரித்தாளா, அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் கொஞ்ச நாள் ஆள் ஏற்றினோம். ஆகாயத்திலும் பயணிகள் பயணிகள்தான். சீட் சரியில்லை என்றார்கள், கப்பல் குலுங்குகிறது என்றார்கள், பாதி வழியில் வேறு ஊருக்குப் போகச் சொன்னார்கள். ஒருமுறை நிலையத்துக்குப் பக்கத்தில் வேகமாக வந்துவிட்டேன் என்று போலீஸ் கப்பல் அபராதம் போட்டது.

“மாப்ள, இதுக்கு எந்த பட்டன்?”

“எதுக்கு?”

“டீக்கு ஏதாச்சும் குடுத்து அனுப்பறதுக்கு.”

“அது கம்ப்யூட்டர் மாமா. வாங்காது.”

“பாவம்டா, அதுக்கும் புள்ளகுட்டி இருக்கும் இல்ல?”

இருந்தாலும் ஓட்டப் பழகிவிட்டேன். முதலில் என் இடது கால் தரையில் கிளச்சைத் தேடிக்கொண்டே இருந்தது. வளைவில் திரும்பும்போது கை ஹாரனைத் தேடியது. ஹாரனே இல்லாமல் இவ்வளவு பெரிய ஆகாயத்தை எப்படிக் கட்டினார்களோ. ஆனாலும் வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவில் சாமை மூட்டையோடு இறங்கினவனுக்கு இது பெரிய விஷயமில்லை. நிலையத்துக்குள் கப்பலைப் பின்பக்கமாகவே நுழைத்தேன். அப்படி யாரும் நுழைப்பதில்லையாம். லோடு இறக்க அதுதான் வசதி என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆடி பாதிக்கு மேல் ஓடிவிட்டது. மிச்சம் இருந்தது சரக்கு ஓட்டும் தொழில்தான். முதலிலேயே அதை எடுத்திருக்கலாம். ஆனால் தெரிந்த தொழிலை எவன் ஆசைப்பட்டு எடுப்பான்?

மச்சினன் ஒரு வழியைப் பார்த்து வைத்திருந்தான். ஒரு ஊரில் சாப்பாட்டுச் சரக்கு மலிவு. தொலைவில், சுரங்கம் தோண்டுகிற ஒரு நிலையத்தில் சாப்பாடு கிடையாது, அங்கே நல்ல விலை. அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு எல்லாரும் காலியாகத் திரும்பி வருகிறார்கள், காலியாக வந்தால் வேகமாக வரலாம் என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“காலியா வர்றதா? மாப்ள, போறப்ப கெடைக்கறது டீசலுக்கு. வர்றப்ப கெடைக்கறது தான் நமக்கு. ரிட்டன் லோடு இல்லாம திரும்பறவன் டிரைவரே இல்ல. அங்க என்னா கெடைக்குதுன்னு பாரு.”

பார்த்தான். அங்கே தோண்டி எடுத்த தாது, யாரும் ஏற்றாமல் கிடந்தது. இந்த ஊரில் அதற்கு விலை இருந்தது. போகும்போது சாப்பாடு, வரும்போது தாது. நாலைந்து நடை ஓட்டியதும் சப்பைக் கப்பலைக் கொடுத்துவிட்டு வயிறு பெருத்த சரக்குக் கப்பல் ஒன்றை எடுத்தோம். கையிலிருந்ததை எல்லாம் அதில் போட்டாகிவிட்டது. இனி ஒரு முழு லோடு இறக்கினால் போட்டதும் வரும், அதற்கு மேல் லாபமும் நிற்கும். என் குட்டியானை எனக்கே.

ரிட்டன் லோடு பற்றி நான் மச்சினனுக்குப் பாடம் நடத்தியதை என் பெண்டாட்டி துணி காயப்போட வந்தபோது கேட்டிருக்கிறாள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு, கேளு. தொழில பத்தி யாரு கேட்டாலும் சொல்லுவேன்.”

“மலைக்கு மேல ஏறறப்ப நீங்க காலியா தான போறீங்க?”

மச்சினன் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

காலியாகத்தான் போகிறேன். மலைக்கு மேலே போகிற லோடு என்றால் ஹாலோ பிளாக் கல்தான். மேலே வீடு கட்டுகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கல் இருக்கிற இடம் நான் போகிற ரோட்டிலேயே, மாமனார் இடம். “மாமா, எனக்கு லோடு குடுங்க” என்று அவரிடம் போய் நிற்க வேண்டும். நிற்க மாட்டேன் என்று நாலைந்து வருஷமாக அந்த இடம் வந்ததும் வேகத்தைக் கூட்டி, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலி வண்டியைத் தடதடவென்று ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இதை அவளிடம் சொல்ல முடியுமா?

“அது வேற தொழில்நுட்பம்” என்றேன்.

ஆடி முடிய இன்னும் இரண்டு நாள் என்கிறபோது கடைசி நடை, அதற்குப் பிறகு மச்சினனுக்குக் கம்பெனி வேலை நெருக்கும், கணினி கிடைக்காது. கப்பல் நிறையச் சாப்பாட்டுச் சரக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்பட்டேன். ராகு காலம் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான். மவுசுக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப் பார்த்தேன், மச்சினன் விடவில்லை. பந்தயத்தின் முடிவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று என் பெண்டாட்டியும் முறத்தில் கேழ்வரகைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புடைப்பதும் பார்ப்பதுமாக இருந்தாள்.

பாதி வழி நன்றாகப் போனது. அப்புறம் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது.

“அது என்னாடா?” என்று தம்பியைக் கேட்டாள்.

“எவனோ எரிபொருள் தீந்து நடுவுல நிக்கறான் அக்கா. உதவி கேக்கறான். நெறய பேரு திருடனுங்க, சும்மா கூப்புட்டு கொள்ளையடிப்பாங்க. மாமா, நிறுத்தாம போங்க.”

நான் போகத்தான் பார்த்தேன். முறம் ஓசை நின்றுவிட்டது.

“ஏங்க, கை காட்டறாங்க.”

“கையில்ல, அது லைட்டு.”

“லைட்டுன்னா? நடுக்காட்டுல ஒருத்தரு நிக்கறாரு, நீங்க பாட்டுக்கு போறீங்களே.”

அவள் பிறந்த ஊருக்குப் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் கேட்பாரில்லை. பால் வண்டி, மாட்டு வண்டி, சரக்கு வண்டி, எது வந்தாலும் கை காட்டி ஏறித்தான் அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். கை காட்டினால் நிறுத்தாத வண்டிக்காரனை அந்தப் பக்கம் மறுநாள் டீக்கடையில் சேர்க்க மாட்டார்கள். என் வண்டியும் மலையில் கை காட்டியவர் முன்னால் நிற்காமல் போனதில்லை. ஒருமுறை ஆட்டைக்கூட ஏற்றியிருக்கிறேன், ஆள் பின்னால் நடந்து வந்தார்.

“அக்கா, நிறுத்துனா லோடு போயிரும். பந்தயம்!”

“பந்தயம் கெடக்குது. நிறுத்துங்க.”

நிறுத்தினேன். நிறுத்திய கையோடு அந்த மஞ்சள் வெளிச்சம் சிவப்பாக மாறியது. பாறைக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு கப்பல் வந்து முன்னாலும் பின்னாலும் நின்றன. திரையில் ஏதேதோ கத்தியது. மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல் இங்கிலீஷில் என்னவோ சொன்னது, பிறகு தன் கூட்டாளியிடம் கன்னடத்தில் சிரித்தது.

கன்னடம்! எனக்குப் போன உயிர் வந்தது. இங்கிலீஷில் கொள்ளையடித்தால் நான் என்ன செய்வேன்? கன்னடத்தில் என்றால் பேசலாம். ஓசூர் தாண்டி எத்தனை நடை தக்காளி இறக்கியிருக்கிறேன். மச்சினன் தலையில் மாட்டியிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

“அண்ணா! நமஸ்காரா அண்ணா!”

அந்தப் பக்கம் சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு, “யாரு நீவு?”

“தர்மபுரி அண்ணா. டிரைவரு.”

“தர்மபுரியா?” குரல் தமிழுக்கு மாறியது, உடைந்த தமிழ். “ஒகேனக்கல் பக்கமா? மீன் தின்னேன் அங்கே. சூப்பர் மீன்.”

“அதே தான் அண்ணா. அடுத்த தடவ வா, நானே வாங்கித் தர்றேன். இப்ப ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.”

கொஞ்சம் விட்டுக்கொடு என்று அர்த்தம். பெங்களூரில் இதைச் சொல்லித்தான் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்காருவார்கள். நான் இதைச் சொல்லித்தான் ஒரு முழுக் கொள்ளையில் பேரம் ஆரம்பித்தேன்.

“லோடு ஃபுல்லா கீழே போடு” என்றான் அவன்.

“புல்லா போட்டா பொண்டாட்டி என்ன வூட்டுக்குள்ள சேக்க மாட்டா. பின்னாடியே உக்காந்துக்கினு இருக்கா.”

“நெஜமா?”

என் பெண்டாட்டி மைக்குக்கு நேராகக் குனிந்தாள். “ஏம்பா, ஒதவி கேட்டன்னு தான நிறுத்தனோம்? அப்படிக் கூப்புட்டு ஏமாத்தறியே, நாளைக்கு நெசமா எவனாச்சும் வழியில நின்னா யாரு நிறுத்துவாங்க?”

கூட்டாளி என்னவோ கேட்டான், இவன் “சும்மனிரு” என்று அவனை அடக்கினான்.

“சாரி அக்கா” என்றது குரல். “பாதி போடுங்க. பாதி நீங்க எடுத்துக்கோங்க.”

“பாதி ரொம்ப ஜாஸ்தி அண்ணா, கால்வாசி...”

“மாமா, வாய மூடிக்கினு ஓட்டுங்க!” என்று மச்சினன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

பாதியைப் போட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோய் இறக்கினேன். அங்கே கிடந்த தாதை யாரோ முன்னாலேயே ஏற்றிப் போயிருந்தார்கள், காலியாகத்தான் திரும்பினேன். மச்சினன் கூட்டிக் கழித்துப் பார்த்தான். போட்டது வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. என் வாழ்க்கையில் ஒரு தொழிலில் நட்டம் இல்லாமல் நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் பந்தயம் லாபம் காட்டுவது. காட்டவில்லை.

நான் அவளைப் பார்த்தேன். நிறுத்தச் சொன்னது அவள்தானே என்று கேட்கலாம். ஆனால் நிறுத்தியது நான்தான். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். அந்த இரண்டு நாளும் நான் வண்டியைக் கழுவினேன். விற்கிற வண்டியைக் கழுவுகிறபோது சக்கரத்துக்குச் சக்கரம் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியவில்லை.

ஆடி கடைசி நாள் பென்னாகரத்துக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், பின்கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து கோழி கத்திக்கொண்டு அவர் தோள் மேல் பாய்ந்தது. அவர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டு, “என்னாம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டார். என் பெண்டாட்டி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் ஒரு பதில் சொன்னாள் பாருங்கள், அந்த மனுஷன் அப்படியே...

“ஏங்க! எவ்ளோ நேரமா போனை வாயில வெச்சுக்கினு பேசிக்கினே இருப்பீங்க? மலை மேல சாமை மூட்டைய ரோட்டோரம் அடுக்கி வெச்சுக்கினு நிக்கறாங்களாம். மழை வர்றதுக்குள்ள எறக்கணும். வண்டிய எடுங்க!”

“இரு, ஒரு நல்ல கட்டத்துல இருக்கேன்.”

“கட்டம் அப்பறம். போறப்ப எங்கப்பா எடத்துல நிறுத்துங்க. மேல மூணு வூட்டுக்கு கல்லு எடுத்து வெச்சிருக்காராம், ஏத்திக்கினு போங்க. இந்த தடவயாச்சும் அவரு கத சொல்றப்ப எறங்கி நின்னு கேளுங்க, சீட்ல உக்காந்துக்கினே தலையாட்டாதீங்க.”

“கண்ணு கலங்கணுமா?”

“லேசா.”

“வழியில யாராச்சும் கை காட்டுனா?”

“இது என்னா கேள்வி? நிறுத்துங்க. மூஞ்சிய மட்டும் பாத்துட்டு ஏத்துங்க. கோழிய எறக்கி வுட்டீங்களா?”